மருந்து அல்ல, பாதுகாப்புப் பொருள்

எங்கள் பக்கத்தில் பாட்டிலில் வரும் குளிர்பானத்துக்குக் கலர் என்று பெயர். திராட்சைக் கலர், ஆரஞ்சுக் கலர், பன்னீர்க் கலர். தன்மேல் சாட்டக்கூடிய குற்றத்தையே பெயராக வைத்துக்கொண்டு திரிகிற பண்டம் வேறொன்றை என் பணிக்காலத்தில் நான் பார்க்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடையில் மாதிரி எடுத்து, நாலு பங்காக்கி, முத்திரை வைத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் பிழைப்பு. முதல் மூன்றும் சுலபம். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று சொன்னதும் அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் எல்லோருக்கும் பஸ் வந்துவிடும்.

மலையாள எல்லையோரத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்தால் கலர் வாங்கி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வந்தவர் வெளியே சொல்வார். வைத்ததைக் குடிக்காமல் போனால் வீட்டுக்காரர் வெளியே சொல்வார். அதனால் யாருக்கும் தாகமில்லாத நேரத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பாட்டிலை முடிப்பது இங்கே வழக்கம்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டுக்கு வருவார். நாலு கிலோமீட்டர் தள்ளித் தென்னந்தோப்பில் வீடு. மாட்டுத்தீவனம் வாங்க வருகிறேன் என்பது அவர் சொல்லும் காரணம். தீவனக் கடை அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. தங்கையைப் பார்க்காமல் நாலு நாள் போனால் அவருக்கு வெசனம் வந்துவிடும், ஆனால் அதைச் சொல்ல வாய் வராது. தீவன மூட்டை வண்டியில் இருக்க, உள்ளே வந்து உட்காருவார். என் மனைவி திராட்சைக் கலரை உடைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு மழை, தேங்காய், மருமகள் மூன்றையும் குறை சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் சீர்திருத்தம் இந்தக் கலரை நிறுத்தியதுதான். எதிர்த்துப் பேச ஆள் குறைவான அலுவலகம் வீடு என்று தப்பாக நினைத்திருந்தேன்.

மூலைக்கடையில் கலர் பாட்டில் பெட்டிகளை, அதாவது கிரேடுகளை, வாசலில் வெயிலில் அடுக்கியிருப்பார்கள். பங்குனி சித்திரையில் எங்கள் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த பாட்டில்கள் கெடாமல் இருக்க சோடியம் பென்சோயேட் சேர்க்கிறார்கள். அனுமதித்த அளவில் அது பெரிய குற்றவாளி இல்லை. ஆனால் பானத்தில் வைட்டமின் சி-யும் இருந்து, சூடும் வெளிச்சமும் படும்படி நாள் கணக்கில் நின்றால், இரண்டும் சேர்ந்து மிகக் கொஞ்சமாக பென்சீன் உண்டாகலாம். பென்சீன் புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள். கொஞ்சம்தான், எப்போதாவதுதான், ஆனாலும் தேவையில்லாத கொஞ்சம். நிழலில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"சார் ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார்.

"ஆயிட்டேன்."

"இல்லீங்க, நெசமாத்தானுங்களான்னு கேட்டேன்" என்றார். கிரேடுகள் நகரவில்லை.

ஆகவே வீட்டிலேயே எலுமிச்சை ஸ்குவாஷ் போடுவதென்று முடிவு செய்தேன். தோட்டத்தில் இரண்டு எலுமிச்சை மரங்கள் நாங்கள் சாப்பிடும் அளவை மதிக்காமல் காய்த்துக்கொண்டிருந்தன. முதல் தடவை எதுவும் சேர்க்காமல் செய்தோம். பத்தாம் நாள் ஒரு பாட்டிலின் மூடி தானே கிளம்பி அடுப்படி உத்தரத்தில் அடித்தது. பாதுகாப்புப் பொருளைத் திட்டுகிறவர்கள் இந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும். நுரையும் பூஞ்சையும் கிளம்பிய சாற்றைக் குடிப்பதும் ஆரோக்கியமில்லை.

இரண்டாவது தடவை பாதுகாப்புப் பொருள் சேர்ப்பதென்று ஆயிற்று. எது? எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு, அதனால் பென்சோயேட் வேண்டாம் என்று தள்ளினேன். மீதியிருந்த பெயர்களில் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டைத் தேர்ந்தெடுத்தேன். சல்ஃபைட் வகையில் ஒரு வெள்ளைத் தூள். புளிப்பில் கரைந்ததும் கந்தக வாயு விட்டுக் கிருமிகளை அடக்கும். நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி, நாற்பது பாட்டிலுக்கும் என் கையால் அளந்து போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காகச் செய்த ஸ்குவாஷை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

என் மனைவி சர்க்கரைப் பாகை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, மருந்து போட்டாச்சுங்களா?"

"மருந்து இல்லை. பாதுகாப்புப் பொருள்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் ஒன்று ஆசுபத்திரியில் கொடுப்பது, அல்லது தென்னைக்கு அடிப்பது. வருகிறவர்கள் காதில் ஸ்குவாஷுக்கு மருந்து போட்டிருக்கிறது என்று விழுந்தால் எவன் குடிப்பான்? அவள் விடவில்லை. "கெடாம இருக்கறதுக்குப் போடறது மருந்துதானுங்களே" என்றாள். நான் இரண்டு மூன்று தடவை திருத்தினேன். பிறகு அவளும் பாதுகாப்புப் பொருள் என்றே சொல்லப் பழகிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வந்த அன்று பிள்ளைகள் பேசுவதுபோல. அந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வரும்.

லேபிளும் ஒட்டினேன். விற்பனைக்கு அல்லாத பாட்டிலுக்கு லேபிள் தேவையில்லை, ஆனாலும் ஒட்டினேன். பொருட்களின் பட்டியல், தயாரித்த நாள், தொகுதி எண், பாதுகாப்புப் பொருள் ஐ.என்.எஸ். 224, அதாவது அந்தத் தூளின் எண். சல்ஃபைட் இருந்தால் அதைத் தனி வரியில் எச்சரிக்கையாகப் போட வேண்டும் என்பது விதி. அந்த வரி இல்லை என்று எத்தனையோ கம்பெனிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியவன் நான். இது வீட்டுக்குத்தானே என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மச்சான் வந்தார். கலருக்குப் பதில் கண்ணாடி டம்ளரில் ஸ்குவாஷ் வந்தது.

"என்னம்மிணி, கடையில கலர் தீந்து போச்சா?" என்று தங்கையைக் கேட்டார்.

"இனிமே இதுதானுங்ணா. உங்க மாப்பிள்ளை பண்ணுனது."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு அளவு, தராசு, பென்சீன் எல்லாவற்றையும் விளக்கினேன். முழு டம்ளரையும் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லாத்தானுங் இருக்குது" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இப்படியே செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று மூன்று வாரம் போனது.

நாலாவது வாரம் ஆள் வரவில்லை. போன் செய்தால் இளைப்பு என்றார்கள். அவருக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. பிறகு எப்போதாவது பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கும், இரண்டு நாளில் போய்விடும். வெயில் காலத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. போய்ப் பார்த்தோம். கட்டிலில் இரண்டு தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது. அந்த நிலையிலும் என் மனைவியைப் பார்த்து, "நீ எதுக்கு வெயில்ல வந்தே" என்றுதான் கேட்டார்.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா எனக்குன்னு அந்தப் பக்கம் யாருங்க இருக்கறாங்க" என்றாள். அவளுக்கு அம்மா அப்பா போய் வெகுநாள். பிறந்த வீடு என்றால் அந்த மனிதர்தான்.

சித்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மலையாளி, இளவயது, நல்ல பொறுமை. மார்பில் குழல் வைத்துக் கேட்டார். தூசி உண்டா, புகை உண்டா, வீட்டில் புதிதாகப் பூனை நாய் உண்டா என்று கேட்டார். பிறகு, புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

"இல்லீங்க சார். மருந்து ஒண்ணுமில்லீங்க" என்றார் மச்சான்.

நானும் பக்கத்தில் நின்று, ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இழுக்கும் முறையை மூன்று தடவை செய்து காட்டினார். மச்சான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "விசில் மாதிரி இருக்குது" என்றார்.

இன்ஹேலரால் இளைப்பு நின்றது. நின்றதும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து போன மாலையே மறுபடி வந்தது.

இந்த இடத்தில் நான் விசாரணையைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆஸ்துமா உள்ள சிலருக்குப் பானங்களில் சேர்க்கும் பொருட்களால் இளைப்பு வரலாம் என்று எனக்குத் தெரியும். பணியில் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். என் சந்தேகம் நேராக மூலைக்கடைக் கலர்மேல் போய் உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் கிடைக்காததை வழியில் நிறுத்திக் குடிக்கிறார், வெயிலில் நின்ற பாட்டில், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று வழக்கை ஜோடித்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு தோப்பு வீட்டுக்குப் போனேன்.

காலை முதல் மாலை வரை உள்ளே போவதெல்லாம் எழுதினேன். டீத்தூள், பிஸ்கட், ஊறுகாய், கடைப் பொரி. மச்சான் பதில் சொல்லச் சொல்ல, "கலர்?" என்று நடுநடுவே கேட்டேன்.

"நீங்க நிறுத்துன அன்னிக்கே நிறுத்தியாச்சுங்க."

"வழியில்?"

"மாப்ள, கலர் குடிக்கறதுக்கு ஒளிஞ்சு போறதுக்கு நான் என்ன கள்ளுக்கடைக்கா போறேன்?"

மச்சானின் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் திரும்ப எடுக்கமாட்டார்.

"ஏனுங்ணா" என்றார். "பொரியைக் கூட எழுதிப்போட்டீங்க. உங்க ஊட்டை எழுதிலீங்களே."

"எங்க வீட்டை எதுக்கு?"

"அங்க வந்துட்டு வர்ற அன்னிக்குத்தானுங் இந்தக் கூத்தே. செவ்வாயும் வெள்ளியும். மத்த நாள்ல ஏணி போட்டு ஓடு மாத்தறாரு."

"நீ சித்த சும்மா இரு" என்றார் மச்சான்.

"நான் எதுக்குங்க சும்மா இருக்கோணும்? வண்டியை நிறுத்தும்போதே நெஞ்சைப் புடிச்சிட்டு வர்றீங்க. நான்தானே முதுகைத் தேய்க்கறேன்."

நான் நோட்டை மூடினேன். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "குடிச்சதீமு நெஞ்சுல கப்புன்னு புடிக்கும். டம்ளரை மூக்குக்கிட்ட கொண்டு போறப்பவே ஒரு காட்டம் அடிக்கும். கொஞ்ச நேரத்துல உட்டுரும்னு பார்த்தேன். உடவேயில்லை."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"என்ற தங்கச்சி கலக்கிக் குடுக்கறதை எப்படிங்க வேண்டாம்ங்கறது? அதும் நீங்க வேற பக்கத்துலயே நின்னுட்டுப் பார்க்கறீங்க. நெம்பப் பெருமையா இருக்கறீங்க அதுல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூடியில தேதியெல்லாம் போட்டிருக்கறீங்க. கெவர்மெண்டு ஆளு பண்ணுன சூஸுல என்ன வந்துடப் போகுதுன்னு நெனச்சேன்."

"டாக்டர் மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டாரே."

"மருந்து இல்லைன்னு நீங்கதானுங்களே அம்மிணியைத் திருத்திட்டு இருந்தீங்க. பாதுகாப்பு என்னமோன்னீங்க. பாதுகாப்புல எப்படிங்க இளைப்பு வரும்?"

முப்பது வருடத்துக்கு மேல் சொன்ன வார்த்தை அது. யாருடைய பாதுகாப்பு என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பாட்டிலின் பாதுகாப்பு என்பதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், அண்ணனுக்கு எப்படிக் கலக்கிக் கொடுப்பாய், செய்து காட்டு என்றேன். டம்ளரில் முக்காலுக்கு ஸ்குவாஷை ஊற்றினாள். மேலே பேருக்குத் தண்ணீர்.

"எனக்கு?"

இரண்டு விரல் ஸ்குவாஷ் ஊற்றி, மீதி தண்ணீர் நிரப்பினாள்.

"இது ஏன் இப்படி?"

"நீங்க ஊட்டு ஆளுங்க" என்றாள். "அண்ணனுக்குத் தண்ணியா கலக்கிக் குடுத்தா, கட்டிக் குடுத்த ஊட்டுல தங்கச்சிக்கு ஒண்ணுமில்லையாட்டன்னு நெனச்சுக்க மாட்டாருங்களா?"

ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து குடிப்பார்கள் என்று கணக்கு வைத்துத்தான் சட்டத்தில் அந்த அளவே. விதியை எழுதியவருக்குப் பிறந்த வீட்டு அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவமானம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். நான் இந்த ஊர்க்காரன். ஆனாலும் டம்ளரை நான் பார்க்கவே இல்லை, பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள். "நான் என்ற கையால குடுத்திருக்கறேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் மருந்துன்னுதானுங்களே சொன்னேன்."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மச்சானோடு டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை சாட்சி தப்பி ஓடாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. டாக்டர் லேபிளை வாசித்தார். "இருநூற்றி இருபத்தி நாலு எந்தா?" என்று கேட்டார். சொன்னேன். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு சல்ஃபைட் ஆகாது, புளிப்பான பானத்தில் வாயு சீக்கிரம் கிளம்பி மூச்சில் போகும், பொருத்தமாகத்தான் இருக்கிறது, நிறுத்திப் பார்ப்போம், இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும், உலர்திராட்சையும் கடை ஊறுகாயும்கூடக் கவனம் என்றார். பிறகு லேபிளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக, "இது ஆர்க்கு வாயிக்கான் எழுதியதா?" என்றார். யார் வாசிப்பதற்கு என்று கேட்கிறார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மச்சான், "அவுரு எழுதுனது ஆபீசருங்க வாசிக்கறதுக்குங்க" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறாராம்.

நிறுத்தினோம். ஒரு வாரம், இரண்டு வாரம், இளைப்பு வரவில்லை. மூன்றாவது வாரம் ஓட்டின் மேல் ஏறியதற்காக மனைவியிடம் திட்டு வாங்கினார் என்று செய்தி வந்தபோது என் மனைவி அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாள்.

மீதி பதினோரு பாட்டிலைக் கொட்டிவிடலாம் என்றேன். நல்ல எலுமிச்சையைக் கொட்டுவதா என்று அவள் மறுத்தாள். ஒவ்வொரு பாட்டிலிலும் என் லேபிளுக்கு மேலேயே வெள்ளைக் காகிதம் ஒட்டி, தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள்: அண்ணனுக்கு ஆகாது. என் பணிக்காலத்தில் பார்த்த லேபிள்களில் முக்கியமான விஷயத்தை முதலில் சொன்னது அது ஒன்றுதான்.

அதில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் வாசல் ஏறி வருகிற ஆண்கள் முக்கால்வாசிப் பேர் என் மனைவிக்கு அண்ணன்தான். பால்காரர் அண்ணா, கரண்ட் பில் கொண்டுவருகிறவர் அண்ணா. பாட்டிலைப் பார்த்ததும், "ஏனுங்கம்மணி, எந்த அண்ணனுக்குங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்ட பிறகும் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். பதினோரு பாட்டிலும் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கின்றன. கெடவில்லை. கெடாது. அளவு அப்படி.

மச்சான் பழையபடி செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். மரத்திலிருந்து இரண்டு எலுமிச்சை பறித்து, அவர் கண் முன்னாலேயே பிழிந்து, சர்க்கரையும் உப்பும் போட்டுக் கொடுக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சித்த தண்ணியா இருக்குதாட்டம்" என்றார்.

"மூணு பழம் பிழிஞ்சிருக்கறனுங்ணா" என்றாள் அவள், முகம் சிவந்து.

"சும்மா சொன்னேன், போ அம்மிணி" என்று சிரித்துவிட்டு முழுவதையும் குடித்தார். மழையையும் தேங்காயையும் மருமகளையும் குறை சொன்னார். மூன்றாவதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னார், மூச்சு இடறாமல்.

கிளம்பும்போது வாசல்வரை நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் வண்டியில் ஏறி, தீவன மூட்டையைக் காலால் நகர்த்திச் சரிசெய்து, சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் மனைவி அவர் நெஞ்சைப் பார்த்தபடி காது கொடுத்து நின்றாள். நானும் மூச்சில் இளைப்பு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.